ஆறு கட்டைப் பொண்ணு

என் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்னக் கடை. கிணற்று மோட்டாரைக் கொண்டுவந்து ஒரு தடவை ஓட்டிக் காட்டினால் போதும், பேரிங் போயிருக்கிறதா காயில் கருகியிருக்கிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு, என் மகள் இரண்டு வருடமாகத் தொண்டை நோகப் பாடியதை ‘நல்லாத்தான் வருது’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அது ஒரு நஷ்டம். அதைக் கண்டுபிடிக்கப் போன வழியில் கைவிட்டுப் போன பணம் இன்னொரு நஷ்டம். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே நாள் சாயங்காலம் ஒரே அறையில்தான் தெரியவந்தன.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. பத்து வயதிலிருந்து வாய்ப்பாட்டு வகுப்புக்குப் போகிறாள். மாதம் 1,500 ரூபாய், ஒரு வகுப்பில் இருபது பிள்ளைகள். எங்கள் வீட்டில் முதலில் பாட்டு இருந்தது என் அம்மாவிடம்தான். அம்மாவுக்குப் பண்ருட்டி பக்கம் திருவதிகை. அப்பர் முதல் பதிகம் பாடிய ஊர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். சிறு வயதில் கோயில் ஓதுவாரிடம் கேட்டுக் கேட்டே தேவாரம் மனப்பாடம். கல்யாணமாகி வண்டிப்பாளையம் வந்த பிறகு அடுப்படியில் முணுமுணுப்பதோடு சரி. ரேடியோவில் கச்சேரி போட்டால் மட்டும் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார். அவருக்கு ஒரு பாடகி என்றால் உயிர். அந்தப் பாடகியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக்கு நாலு பேர் அவர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். கச்சேரி கேட்கிற எந்தக் குடும்பத்திலும் தெரிந்த பெயர் என்பது மட்டும் போதும்.

அந்த அம்மா மாசி மாதத்தில் புதுச்சேரியில் பாட வருகிறார் என்ற செய்தி பாட்டு வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில்தான் முதலில் வந்தது. போட்டவர் இன்னொரு பிள்ளையின் உறவினர். விழாக் குழுவில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டார். முன்வரிசை ‘புரவலர் பாஸ்’ ஆளுக்கு 3,000. அதற்கு மேல் 6,000 கொடுத்தால் கச்சேரிக்கு முன்னால் கிரீன் ரூமில் குடும்பத்தோடு சந்திப்பு, குழந்தை இரண்டு நிமிடம் பாடிக் காட்டலாம், ஆசீர்வாதம், போட்டோ. ‘அம்மாவுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா சிஷ்யையா எடுத்துக்கவும் வாய்ப்பு இருக்கு சார்’ என்று போனில் சொன்னார். நாங்கள் நாலு பேர். 12,000 பாஸுக்கு, 6,000 சந்திப்புக்கு. மொத்தம் 18,000 ரூபாயை அன்று ராத்திரியே அவருடைய சொந்த எண்ணுக்கு ஜிபே பண்ணிவிட்டேன். ரசீது கேட்கவில்லை. பாட்டு, ஆசீர்வாதம் என்று பேசிக்கொண்டிருக்கும்போது ரசீது கேட்பது அசிங்கமாகத் தோன்றியது. எங்கள் கடையில் 400 ரூபாய் வேலைக்கே பில் கேட்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் புத்திசாலிகள்.

ஏன் கொடுத்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் ஆசைக்காக என்று மனைவியிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. அந்தப் பெரிய மனுஷியோடு என் மகள் நிற்கிற போட்டோவைக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்பது மீதி. ‘சிஷ்யை’ என்ற வார்த்தை வேறு மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. மகளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. என்ன பாடுவது என்பதைக்கூட வகுப்பு டீச்சர்தான் முடிவு செய்தார்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். கச்சேரி என்றால் அழைப்பிதழ் என்று ஒன்று இருக்கும். அதைக் கேட்டு வாங்கி முழுதாகப் படியுங்கள். கடைசி வரியில் ‘அனுமதி இலவசம்’ என்றோ, டிக்கெட் எங்கே கிடைக்கும் என்றோ போட்டிருப்பார்கள். செயலாளரின் போன் எண்ணும் பெரும்பாலும் இருக்கும். அந்த எண்ணுக்கு ஒரு போன் போட்டிருந்தால் என் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். நான் பார்த்தது குழுவில் வந்த பாடகியின் படத்தையும் தேதியையும் மட்டும்தான். அது அழைப்பிதழின் மேல்பாதி. கீழ்ப்பாதியை வெட்டிவிட்டுத்தான் போட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

சனிக்கிழமை ஆறு மணிக்குக் கச்சேரி, எங்களை ஐந்தேகாலுக்கு வரச் சொல்லியிருந்தார். கடலூரிலிருந்து புதுச்சேரி இருபது கிலோமீட்டர் சொச்சம்தானே என்று நாலரைக்குக் கிளம்பினோம். வாடகை கார் 2,200. அம்மாவுக்கு முழங்கால் வலி, பஸ்ஸில் ஏற முடியாது. எல்லையில் இருக்கிற முள்ளோடை தாண்டும்வரை நன்றாகத்தான் போனது. அரியாங்குப்பத்தில் பிடித்த நெரிசல் முருங்கப்பாக்கம் வரை விடவில்லை. சனி, ஞாயிறு சாயங்காலத்தில் அந்தச் சாலையில் போகிறவர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மண்டப வாசலில் இறங்கும்போது ஐந்து முப்பத்தைந்து. இறங்கியதும் எதிரே பேனர். பேனரின் கடைசி வரி: அனுமதி இலவசம், அனைவரும் வருக. மனைவி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கார்க்காரருக்குப் பணம் எண்ணிக் கொடுப்பதில் ரொம்ப கவனமாக இருந்தேன்.

அந்த ஆள் எங்களுக்காக ஓடிவந்து மேடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். கைப்பிடி இல்லாத குறுகலான ஐந்து படி, அம்மாவை இரண்டு பக்கமும் பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இதை முன்கூட்டியே விசாரியுங்கள். கிரீன் ரூம் என்றதும் நான் என்னவோ கல்யாண மண்டபத்து மணமகள் அறை மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும், அதற்குள் எட்டுப் பேர். மூலையில் மிருதங்க வித்வான், தொப்பி என்கிற இடது பக்கத்தில் ரவையைக் குழைத்து அப்பிவிட்டு, வலந்தலை என்கிற வலது பக்கத்து விளிம்பில் சின்ன மரக்கட்டையை வைத்துக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு தட்டு, ஒரு மீட்டு, காதைச் சாய்த்து ஒரு கேட்பு. வயலின்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தந்தியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சிஷ்யைகள் தம்பூராவோடு. நடுவில் ஒரு நாற்காலியில் அந்த அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு பிளாஸ்க். யாரும் பேசவில்லை.

அந்த அமைதிக்குள்தான் நாங்கள் நாலு பேரும் அவருக்குக் கொடுக்கப் பட்டுப்புடவையும் பழத்தட்டும் ஆளுயர மல்லிகை மாலையுமாக நுழைந்தோம். என் அம்மா வியர்த்துக் கொட்டுகிறாரே என்று நான் சுவரில் இருந்த ஏசி சுவிட்சைப் போட்டேன். மிருதங்கக்காரர் கல்லைக் கீழே வைத்துவிட்டு ‘சார், அதை அணைங்க. தோல் சுருதி கலைஞ்சிடும்’ என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் அந்தக் கண்ணில் என்னை என்னவென்று நினைத்தார் என்பது தெரிந்தது. எவனாவது என் கடைக்குள் வந்து, நான் மீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மெயினைப் போட்டால் நானும் அப்படித்தான் பார்ப்பேன். மனைவி மாலையை நீட்டினாள். அந்த அம்மா கும்பிட்டுவிட்டுத் தொடாமல் ஒரு சிஷ்யையிடம் கைகாட்ட, அந்தப் பெண் அதை அறைக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாள். மனைவிக்கு முகம் சுண்டிப்போனது. பாடுவதற்கு முன்னால் மல்லிகை வாசம், ஊதுபத்தி, சென்ட் எதுவும் சிலருடைய தொண்டைக்கு ஆகாது என்று பிறகு அந்தச் சிஷ்யைதான் சொன்னாள்.

அதற்குள் அந்த ஆள் ‘பாடு பாப்பா, பாடு’ என்று மகளைத் தள்ளினார். அவள் என் போனில் சுருதி ஆப்பைப் போட்டாள், வகுப்பில் வைக்கிற ஆறு கட்டை. கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடக் கூடக் குரல் மேலே போக வேண்டும். அறையில் ஏற்கெனவே தம்பூரா ஐந்து கட்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டும் மோதியதை என்னால்கூடக் கேட்க முடிந்தது. வயலின்காரர் தோள் அப்படியே சுருங்கியது. மகள் வாயைத் திறந்து இரண்டு அட்சரம் பாடியிருப்பாள், அந்த அம்மா கண்ணைத் திறந்து, கையைத் தூக்கி, ‘இப்ப வேண்டாம் கண்ணா. கச்சேரி முடிஞ்சு வா’ என்றார். அவ்வளவுதான். அந்த ஆள் பிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுத்தார், எல்லோர் கண்ணும் கூசியது. எங்களை வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று நிமிடம்கூட இருக்காது. நிமிடத்துக்கு 2,000 ரூபாய். அந்தப் போட்டோவில் அந்த அம்மா கண்ணை மூடியிருக்கிறார், மகள் அழப்போகிறாள், நான் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபமெல்லாம் பாடகி மேல்தான். ‘இவ்வளவு பணம் வாங்கிட்டு ஒரு பிள்ளையைப் பாடவிட மாட்டாங்களா’ என்று படியிலேயே கத்தினேன். மகள் பேசவே இல்லை. ‘கார்க்காரருக்குப் போன் பண்ணு, போயிடலாம்’ என்றேன் மனைவியிடம். அம்மாதான் நகரவில்லை. ‘கச்சேரியக் கேக்காம எங்கடா போறது? உனக்கு வேணும்னா நீ போ’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். புரவலர் இருக்கையும் பாதி நேரம்தான். யாரோ பெரிய மனிதர் குடும்பத்தோடு வந்ததும் எங்களை எழுப்பிப் பத்தாவது வரிசைக்கு அனுப்பினார்கள். காசு கொடுக்காமல் வந்தவர்கள் அங்கே ஏற்கெனவே வசதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

கச்சேரியைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. வர்ணத்தில் ஆரம்பித்து, கல்யாணி ராகத்தில் ஒரு பெரிய பாட்டு, மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம், பிறகு துக்கடா என்கிற சின்னப் பாட்டுகள். பாரதி 1908 முதல் பத்து வருடம் வாழ்ந்த ஊர் என்பதாலோ என்னவோ கடைசிப் பகுதியில் அவர் பாட்டும் ஒன்று வந்தது. தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகிறவர்களைப் பார்த்து அம்மா பல்லைக் கடித்தார். எனக்கு மிருதங்கம்தான் மனதில் நின்றது. அறையில் அந்த மனிதர் தட்டித் தட்டிச் சேர்த்த அந்த நாதம் கடைசிவரை பிசகவில்லை. ஒருவர் வேலை செய்துகொண்டிருந்த இடத்துக்குள் திருவிழாவுக்குப் போவது போல நுழைந்துவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது. கச்சேரிக்கு முந்தைய ஒரு மணி நேரம் அவர்களுக்குப் பட்டறை நேரம். தவிர்க்கவே முடியாவிட்டால் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்த நேரத்தில் அதற்கு மேல் யாராலும் எதுவும் தர முடியாது.

மங்களம் முடியும்போது ஒன்பது மணி. ‘முடிஞ்சு வான்னு சொன்னாங்கள்ல’ என்று முதலில் கேட்டது மகள்தான். எங்களை அழைத்துப்போன ஆள் கண்ணிலேயே படவில்லை, போனும் எடுக்கவில்லை. சரி என்று நாங்களாகவே பின்பக்கம் போனோம். கதவு திறந்தே கிடந்தது. காவலாளியும் இல்லை, பாஸ் பார்க்கிற ஆளும் இல்லை. முப்பது நாற்பது பேர் வரிசையாகப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். முதல் கூட்டம் கலையட்டும் என்று அம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் காத்திருந்தோம். அது திட்டம் போட்டுச் செய்ததில்லை, அம்மாவால் நிற்க முடியாததால் நடந்தது. ஆனால் அதுதான் நல்லதாகப் போனது. முன்னால் போனவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு கும்பிடுதான் கிடைத்தது. இருபது நிமிடம் கழித்து உள்ளே போனபோது அந்த அம்மா டிபன் டப்பாவில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ‘எங்கே, அந்த ஆறு கட்டைப் பொண்ணு?’ என்றார்.

மகள் முன்னால் போனாள். எந்த ஊர் என்று கேட்டார். கடலூர், வண்டிப்பாளையம் என்றாள். ‘வண்டிப்பாளையமா? அப்பர் கரையேறின இடம்னா அது?’ என்று அவர் டப்பாவை மூடிவிட்டார். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர், கல்லே தெப்பமாக மிதந்து வந்து கரையேறியதாகச் சொல்லும் கரையேறவிட்டகுப்பம் எங்கள் பகுதிதான். சித்திரையில் அதற்கு விழாவும் நடக்கும். அந்தச் சமயத்தில் அப்பர் பாடியது ‘சொற்றுணை வேதியன்’ பதிகம். அதை உங்கள் பக்கத்து ஓதுவார்கள் எப்படிப் பாடுவார்கள் என்று அந்த அம்மா கேட்டது மகளிடம். மகளுக்குத் தெரியாது. ‘ஆயாவுக்குத் தெரியும்’ என்று என் அம்மாவைக் காட்டினாள்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அப்பா இறந்த பிறகு அம்மா வாய்விட்டுப் பாடி நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பாடினார். நாற்காலியில் உட்கார்ந்தபடி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நாலு வரி. அந்த அம்மா தம்பூராவை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார். முடிந்ததும், ‘இந்தப் பண் காந்தாரப் பஞ்சமம். நாங்க ராகத்துல கேதாரகௌளைம்போம்’ என்றார். பிறகு சுருதிப் பெட்டியை எடுத்து குமிழைத் திருகித் திருகி, அம்மாவை முதல் வரியைத் திரும்பப் பாடச் சொல்லி, ஒரு இடத்தில் நிறுத்தினார். ‘நாலரை. கனமான குரல்.’ அப்புறம் மகளைப் பார்த்து, ‘இங்க நின்னு மேல் பஞ்சமம் பிடி’ என்றார்.

மகள் அந்த உயரத்து ‘ப’ ஸ்வரத்தைப் பிடித்தாள். வகுப்பில் அந்த இடத்துக்குப் போகும்போதெல்லாம் கழுத்து நரம்பு புடைக்கும், முகவாய் மேலே போகும். அன்றைக்கு எதுவும் ஆகவில்லை. சும்மா போய் நின்றது. கீழே மந்திர ஸ்தாயியில், அதாவது தாழ்ந்த குரலில், அதே பஞ்சமம் தொட்டும் தொடாமலும்தான் வந்தது. ‘அது விடிகாலையில ஆ-ன்னு இழுத்து அகார சாதகம் பண்ணினா வரும், அவசரமில்லை’ என்றார். யார் ஆறு கட்டை வைத்தது என்று கேட்டார். வகுப்பில் எல்லோருக்கும் அதுதான் என்றாள் மகள். அவர் டீச்சரைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை. ‘இருபது பேரை வெச்சுண்டு ஆளுக்கு ஒரு சுருதி வைக்க முடியாது. ஆனா வீட்டுல சாதகம் பண்றதை உன் சுருதியில பண்ணு’ என்றார். எங்களிடம் திரும்பி, பெண் குழந்தைகளுக்கும் இந்த வயதில் குரல் மாறும், இன்றைக்கு நாலரை என்றால் என்றைக்கும் நாலரை என்று இல்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். போன வருடம் தொண்டை வலி என்று இரண்டு முறை டாக்டரிடம் காட்டினோம். ‘ஒண்ணுமில்ல, கத்துறதக் குறைக்கச் சொல்லுங்க’ என்றார் அவர். பாடுகிற பிள்ளையைக் கத்துகிறாள் என்கிறாரே என்று எனக்கு அப்போது கோபம்கூட வந்தது.

சிஷ்யையாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று நான் கேட்டேவிட்டேன். சிரித்தார். ‘சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல இசைத்துறை இருக்கு, கடலூர்லயே அரசு இசைப்பள்ளி இருக்கு, வீட்டுல இவங்க வேற இருக்காங்க. நான் மாசத்துல இருபது நாள் ஊர்லயே இருக்க மாட்டேன். என்கிட்ட எதுக்கு?’ என்றார். அப்போதுதான் நான் வாய் தவறி, ‘இல்லம்மா, ஆறாயிரம் கட்டித்தான் உங்களைப் பார்க்க…’ என்று ஆரம்பித்தேன். மனைவி கையைக் கிள்ளுவதற்குள் பாதி வெளியே வந்துவிட்டது.

‘யாருக்குக் கட்டினீங்க?’

சொன்னேன். அவர் முகம் மாறியது. விழாச் செயலாளரைக் கூப்பிடச் சொன்னார். அந்த மனிதர் வந்து, விஷயத்தைக் கேட்டதும் வேர்த்துவிட்டார். புரவலர் நன்கொடை உண்டு, ஆயிரம் ரூபாய், அச்சடித்த ரசீதோடு, முன்வரிசையில் உட்காரலாம், அவ்வளவுதான் என்றார். எங்கள் ஆள் குழுவிலேயே இல்லை. போன வருடம் நாற்காலி போடுவதற்கு உதவியிருக்கிறார், அந்தப் பழக்கம்தான். அந்த அம்மா என்னிடம், ‘சார், நான் தயிர்சாதம் சாப்பிடறதைப் பார்க்க யாரும் பணம் கட்ட வேண்டாம்’ என்றார். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. பழத்தட்டிலிருந்து ஒரு கொய்யாவை மட்டும் எடுத்துக்கொண்டார். 6,500 ரூபாய்க்கு எடுத்த பட்டுப்புடவையை மடிப்புக் கலையாமல் வாங்கி, என் அம்மாவின் மடியில் வைத்துவிட்டார். திரும்பி வருகிற வழியில் என் மனைவி, ‘கல்யாணம் ஆனதுலேர்ந்து அத்தைக்கு இவ்ளோ விலையில நான் புடவை எடுத்ததே இல்ல’ என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். அன்றைக்கு முதல் சிரிப்பு அதுதான்.

யாராவது இப்படிப் பெரிய வித்வானையோ வித்வாம்சினியையோ பார்க்கப் போவதாக இருந்தால் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கச்சேரி முடிந்து போங்கள், முதல் கூட்டம் போகட்டும், ஆனால் அவர்கள் பசியோடு இருப்பார்கள், ராத்திரியே ஊர் திரும்ப வேண்டியிருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். பிள்ளையையே பேச விடுங்கள். நாம் பேசினால் நம் ஆசைதான் வெளியே வரும். என்னைக் கேட்டால் ஒரே ஒரு கேள்வியை வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொண்டு போனால் போதும். பாடிக் காட்டட்டுமா என்று நாமாகக் கேட்கக் கூடாது. அவர்களே கேட்டால் போன் ஆப்பை எடுக்காமல், அங்கே இருக்கிற சுருதியில் இரண்டு வரி. வாத்தியங்களைத் தொடுவது, தாண்டுவது கூடாது. என் மனைவி தம்பூரா உறையைத் தாண்டப்போனபோது ஒரு சிஷ்யைக்கு மூச்சே நின்றுவிட்டது. போட்டோ கேட்டுவிட்டு எடுங்கள், பிளாஷ் வேண்டாம். இரண்டாவது தடவை போனபோது எங்களுக்குப் போட்டோ எடுக்கவே தோன்றவில்லை.

பணத்தைத் திரும்ப வாங்க அலைந்தது தனிக் கதை, சுருக்கிவிடுகிறேன். ‘அம்மாவைப் பார்த்தீங்களா இல்லையா? அப்புறம் என்ன?’ என்பதுதான் பணம் வாங்கிய அந்த ஆளின் பதில். அந்த வாதத்துக்கு என்னிடம் பதிலே இல்லாமல் முதல் பத்து நாள் போனது. கடலூர்ப் பக்கம் ஒரு காவல் நிலையத்தில் ‘கச்சேரி அங்கதான நடந்துச்சு, அங்க போங்க’ என்றார்கள். புதுச்சேரிப் பக்கம் போனால் ‘பணம் அனுப்பினது கடலூர்லேர்ந்துதான’ என்றார்கள். முள்ளோடைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நாலு நாள் கடை அடைத்ததுதான் மிச்சம். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்கிக்கொள்ள வேண்டும், ஜீரோ எஃப்ஐஆர் என்று அதற்குப் பெயர், 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலேயே அது இருக்கிறது என்பதைப் பிறகு ஒரு வக்கீல் வாடிக்கையாளர் சொன்னார். ஆன்லைனில் பணம் போனால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிட வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். ‘உடனே’ என்பதுதான் அதில் முக்கியம். நான் வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று வாரம் புகார் கொடுக்கவே போகவில்லை. கடைசியில் செயலாளர் தலையிட்டு 5,000 வாங்கிக் கொடுத்தார். பாக்கி 13,000 போனது போனதுதான். வாட்ஸ்அப் பேச்சு முழுவதையும் அழிக்காமல் வைத்திருந்ததால்தான் அந்த ஐயாயிரமாவது வந்தது.

வகுப்பில் வேறு பிரச்சினை. அங்கே போனதையும் சுருதி மாற்றச் சொன்னதையும் டீச்சரிடம் சொன்னதும் அவருக்கு வருத்தம். நியாயமான வருத்தம்தான். போவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை அனுமதி கேட்டிருக்க வேண்டும், என்ன பாடுவது என்று கேட்டோமே தவிர போகலாமா என்று கேட்கவில்லை. இரண்டு மாதம் இழுத்துப் பார்த்துவிட்டு நின்றுவிட்டோம். இப்போது மஞ்சக்குப்பத்தில் ஒருவரிடம் தனியாகப் போகிறாள், நாலரைக் கட்டை. தினம் காலையில் ஐந்தரைக்கு ஆயாவும் பேத்தியும் உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் கடைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் ஒரு காதை அங்கே வைத்திருக்கிறேன். தொண்டை வலி என்று அவள் சொல்லி ஐந்து மாதமாகிறது.

வகுப்பை விட்டாலும் அந்தப் பெற்றோர் குழுவிலிருந்து நான் வெளியே வரவில்லை, மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன வாரம் அதில் ஒரு செய்தி. அதே ஆள்தான். இன்னொரு பெரிய வித்வான் வருகிறார், கிரீன் ரூம் சந்திப்பு 8,000, பத்துக் குடும்பங்களுக்கு மட்டும். கூடவே மேல்பாதி அழைப்பிதழ். எனக்கு அந்தச் செயலாளரைத் தெரியும் அல்லவா, அவரிடம் கேட்டு முழு அழைப்பிதழையும் வாங்கி, கடைசி வரியைச் சிவப்பில் வட்டம் போட்டுக் குழுவில் அனுப்பினேன். மூன்று பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். ஒருவர் தனியாகப் போன் செய்து, ‘சார், நேத்துதான் கட்டினேன்’ என்றார். அவரை உடனே 1930-க்குக் கூப்பிடச் சொன்னேன். அன்று சாயங்காலமே என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.